கட்டைவிரலுக்கு ஆயுத பூஜை

காலையில் கம்பெனி பஸ் சேலையூர் கேம்ப் ரோட்டைத் தாண்டுவதற்குள் உள்ளே தைல வாடை நிறைந்துவிடும். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தோளில் பூசியிருப்பார்கள், மீதிப் பேர் முழங்காலில். ராத்திரியில் விளக்கே இல்லாவிட்டாலும் இந்த வாடையை வைத்தே ஸ்டாப்பைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று டிரைவர் சொல்வார். ஜான்சி மட்டும் தைலம் பூசுவதில்லை. பூசினால் எங்கே வலி என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

வலி வலது கட்டைவிரலில். மறைமலை நகரில் அவள் வேலை பார்த்த கம்பெனி, கார்களுக்கு உள்ளே ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்துகொடுத்தது. நெஞ்சுயரப் பலகையின் முன் பெண்கள் வரிசையாக நின்று, ஒயர்களை அதன் மேல் படர விட்டு, ஒவ்வொரு நுனியையும் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். டக் என்று சத்தம் வரும். வந்தால் "ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். நாள் முழுக்க டக், ஏறிடுச்சு, டக், ஏறிடுச்சு. தூக்கத்திலும் ஜான்சி அதைச் சொல்வதாக அவள் கணவன் பிரிட்டோ கேலி செய்வான். ஆனால் அவள் பூண்டு உரிக்க உட்கார்ந்து, விரல் மடங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கும்போது, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

கம்பெனியில் அவள் அதைச் சொல்லாததற்குக் காரணம் கனகவல்லி. மணிக்கட்டு வலிக்கிறது என்று கனகவல்லி ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாள். நன்றாக ஓய்வெடுத்துக்கொள்ளம்மா என்று மிகவும் அன்பாக அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு கான்ட்ராக்டர் அவளைக் கூப்பிடவே இல்லை. ஜான்சியும் கான்ட்ராக்ட்தான். தீபாவளியை ஒட்டிச் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு வேறு இருந்தது. அதுவரை விரல் தாங்க வேண்டும். தாங்கவில்லை என்பது யாருக்கும் தெரியவும் கூடாது. ஆயுத பூஜைக்கு மத்தியானத்தோடு விட்டுவிடுவார்கள், மறுநாள் விஜயதசமி. யாருக்கும் தெரியாமல் தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று அவள் அந்த நாளுக்காகக் காத்திருந்தாள்.

மேனேஜர் சுந்தரராமனுக்கு ஆயுத பூஜை என்றால் உயிர். பூசாரியை வைக்க மாட்டார். வேட்டி கட்டி வந்து கற்பூரத் தட்டைத் தானே எடுத்து ஒவ்வொரு மெஷினுக்கும் காட்டுவார். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. முந்தைய வருடம் மெயின்டனன்ஸ் முனிரத்தினம், பூஜையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பிஸ்கட் டின்னைத் திறந்துவிட்டான். அதற்கு அவர் ஒரு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த முறை பூஜைக்கு முந்தைய சாயங்காலம் அவர் பலகை லைனுக்கு வந்து நின்றார். அவசர ஆர்டர், பூஜை முடிந்ததும் நீங்கள் மட்டும் இருந்து முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்றார். பூஜை நாளில் எப்படி என்று யாரோ இழுத்தார்கள். அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார்.

"உங்க லைன்ல மெஷினே கிடையாதேம்மா. எல்லாம் ஹேண்ட் வொர்க்தானே. தோஷம் ஒண்ணும் இல்லை" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜான்சியின் டாக்டர் யோசனை அதோடு போயிற்று. பக்கத்தில் நின்ற எல்லம்மாவுக்கு மனசில் வேறு ஏதோ ஓடியது. எல்லம்மா படப்பையிலிருந்து வருகிறவள், லைனில் மூத்தவள். வலது கை தோளுக்கு மேல் தூக்க வராது. பஸ்ஸில் ஏறியதும் யாரிடமாவது தலையைக் கொடுத்துக் கொண்டை போட்டுக்கொள்வாள். வாய் மட்டும் எவ்வளவு உயரத்துக்கும் போகும். அன்று பஸ்ஸில் தாம்பரம் வரும்வரை அவள் பேசவே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று எல்லாரும் பயந்தார்கள்.

மறுநாள் காலை மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. கம்ப்ரஸருக்கு மாலை, எடை மெஷினுக்குக்கூட ஒரு முழம் பூ. பலகை லைனில் ஒன்றும் இல்லை. எல்லம்மா சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேஜை மேல் வாழை இலையைப் போட்டு, தன் இரண்டு கைகளையும் அதன் மேல் ஸ்பேனர் மாதிரி வைத்துக் காட்டினாள். பிறகு ஒவ்வொருத்தியையும் வைக்கச் சொல்லி, கட்டைவிரல் நகத்துக்குக் கீழே சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள்.

"எக்கா, நான் வேதக்காரி. எங்க ஃபாதர் கேட்டா இன்னா சொல்றது?" என்றாள் ஜான்சி.

"சூட்டுக்கு வெச்சேன்னு சொல்லு. கைய நீட்டுடி."

தீபாராதனை ஆரம்பித்தது. சுந்தரராமன் பூஜையில் கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். உதடு மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும், கால் பழகிய வழியில் போகும். பிரஸ், கட்டிங் மெஷின், கம்ப்ரஸர் என்று காட்டிக்கொண்டே வந்தவர், இலை மேல் வரிசையாக இருந்த கைகளுக்கும் காட்டினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூவைப் போட்டார். கடைசிக் கையில் கண்ணாடி வளையல் இருந்தது. அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா இது?"

"இதான் சார் எங்க லைன் மெஷினு. நீங்களே பூசை போட்டுட்டீங்கோ. இனிமே நாளிக்கி எடுத்தாத்தான் தொடலாம்" என்றாள் எல்லம்மா.

அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வேறு யாராவது காட்டியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

முனிரத்தினத்துக்கு ஒரு வருடத்துக் கடுப்பு ஒரே நாளில் தீர்ந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். மெஷின் கோளாறு என்றால் அந்த அட்டையைத் தொங்கவிடுவது அவன் வேலை. சரி செய்யாமல் அதைக் கழற்றக் கூடாது என்பது கம்பெனி சட்டம். அதைப் போட்டவரும் சுந்தரராமன்தான். இந்த லைனில் எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று அவன் ஆபீசர் மாதிரி விசாரித்தான். எல்லம்மா தோளைக் காட்டினாள். ஜாக்கெட்டில் ஊக்கு குத்தி ஒரு அட்டையைத் தொங்கவிட்டான். பெண்கள் சிரித்தார்கள். மேனேஜர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

"வேற?" என்றான் முனிரத்தினம்.

எல்லம்மா ஜான்சியைப் பார்த்தாள். அவ்வளவுதான், வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலேயே நிற்கிறவளுக்கு இத்தனை நாள் தெரியாமலா இருக்கும் என்பது ஜான்சிக்கு அப்போதுதான் உறைத்தது. மேனேஜர் எதிரே நின்றார். கனகவல்லி நினைவுக்கு வந்தாள். தீபாவளி நினைவுக்கு வந்தது. கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். விரல் மடங்கி மாட்டிக்கொண்டது.

"எனக்கும் ஒண்ணு கட்டுண்ணா" என்றாள்.

அட்டை கட்டுவதற்காக, மாட்டிய விரலை இடது கையால் பிடித்து நிமிர்த்தினாள். டக் என்று சத்தம் கேட்டது.

"ஏறிடுச்சு" என்றது லைனின் கடைசியிலிருந்து ஒரு குரல், பழக்கத்தில்.

கூடமே சிரித்தது. ஜான்சிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவளும் சிரித்தாள். சுந்தரராமன் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை காட்டும்மா என்று கேட்டார். அவள் காட்டினாள். டக். அதற்குள் அங்கங்கே கைகள் நீள ஆரம்பித்தன, எனக்கு மணிக்கட்டு, எனக்கு முழங்கை என்று. அட்டை தீர்ந்துபோய், முனிரத்தினம் ஸ்வீட் பெட்டி மூடியைக் கிழித்துக் கட்டினான். ஒருத்தியை ஓய்வெடுக்க அனுப்பலாம். லைனையே அனுப்ப முடியாது.

ஆர்டரைத் தள்ளிப்போடச் சொல்லி மேனேஜர் கார் கம்பெனிக்குப் போன் போட்டார். வெகுநேரம் மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. அங்கேயும் பூஜை. பொரி பொட்டலத்தோடு எல்லாரும் மத்தியானமே பஸ் ஏறினார்கள்.

அட்டைகளைக் கழற்ற வேண்டுமே, அதற்காகவே ஒரு டாக்டர் வந்தார். பலகைகளை ஒரு சாண் இறக்கினார்கள். டீக்கு முன்னால் கனெக்டர் அழுத்துகிறவர்கள், டீக்குப் பின்னால் டேப் சுற்றினால் போதும் என்றாயிற்று. ஜான்சியின் விரலில் ஓர் ஊசி போட்டு, சில நாள் பட்டை கட்டி, அட்டையை முனிரத்தினமே மரியாதையாக அவிழ்த்தான். தீபாவளிக்கு நிரந்தரமானவர்களில் அவள் இல்லை. பொங்கலுக்குத்தான் ஆனாள். கனகவல்லியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டிருந்தாள், வரவில்லை.

எல்லம்மாவின் தோள் மட்டும் சரியாகவில்லை. ரொம்பப் பழைய மெஷின், ஸ்பேர் கிடைக்காது என்று அவளே சொல்லிக்கொள்வாள். அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், லைனில் தன் இடத்துக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டி வைத்தாள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இப்போது ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருவது ஜான்சிதான். சுந்தரராமன் அந்த வரிசைக்கு வரும்போது கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்கிறார்.

போன வருடம் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் அந்த அட்டையை எடுக்கப் போனார்கள். முனிரத்தினம் விடவில்லை.

"ரிப்பேர் இன்னும் முடியல" என்றான். "முடியாம கழட்டக் கூடாது. ரூலு."

ஆணியைச் சுற்றி வெள்ளையடித்தார்கள்.