பாட்டு நேரத்தில் மிதித்தவள்

ஒத்திலியா மறுபடியும் மரப்பலகையை ஓங்கி மிதித்தாள். பாட்டின் முதல் இரண்டு அடிகள் தப்பின. மிச்சத்தை அவள் குதிகால் தின்றுவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவு மேசையில் இருந்த நான் பதிவை நிறுத்தினேன்.

எங்கள் வெராகுரூஸ் பக்கம் இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. ஊர் கூடிப் பாடி ஆடும் ஃபண்டாங்கோவில் கிட்டார் கம்பிகள் மட்டும் ஒலிக்கும்போது பலகையை உடைக்கிற மாதிரி மிதிக்கலாம். குரல் எழுந்ததும் கால் அடங்கி, பலகையைத் தடவ வேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். எங்கள் இசைக்குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் டிரம்ஸை மூட்டை கட்டிவிட்டு அந்தப் பலகையையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஆடுவதற்குத் தன் அக்கா ஒத்திலியாவை அழைத்து வந்ததே எங்கள் பாடகி நெரேய்தாதான். பாட்டின் வரிகளை மட்டும் அக்காவிடம் காட்டவில்லை. ஹெட்போனில்தான் முதன்முறையாகக் கேட்டாள்.

*கடலில் மூழ்கிய ஆளுக்குப்*
*படையல் வைக்கிறாள் அம்மா;*
*ஆற்றுக்கு அந்தக் கரையிலே*
*அவன் இன்னொருத்தி வீட்டு அப்பா.*

அவர்கள் அப்பா எண்ணெய்க் கப்பலோடு மூழ்கிப் போய்விட்டார் என்று ஊரே நம்புகிறது. அவரை அக்கரையில் இருக்கும் கோவாட்சகோவால்கோஸ் சந்தையில் கைக்குழந்தையோடு பார்த்தவள் ஒத்திலியா. தங்கையிடம் மட்டும் சொல்லி, வாயைத் தைத்துக்கொண்டாள். அம்மா வருஷா வருஷம் இறந்தோர் நாளில் அவர் படத்துக்கு முன்னால் சுருட்டும் சோளமாவுத் தமாலும் வைக்கிறாள். அந்த ஏமாற்று பொறுக்காமல்தான் நெரேய்தா இந்தப் பாட்டை எழுதினாள்.

சிக்கல் அதுவல்ல. அந்த அம்மா, தோன்யா கசில்தா, சொல்லாமல் கொள்ளாமல் வாழை இலைத் தமால்களோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே பேசும் பொத்தானை அழுத்தினேன். "அக்கா, குரல் வர்றப்போ காலை அடக்கணும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"கால் இப்படித்தான் வருது. பிடிக்கலேன்னா நீ வந்து ஆடு, எவாரிஸ்தோ. உன் தொப்பைக்கும் நல்லது."

பாடும் அறையிலிருந்து நெரேய்தாவின் குரல் வந்தது. "எத்தனை தடவை மிதிச்சாலும் நான் பாடத்தான் போறேன்."

"பாடு. நானும் மிதிப்பேன். யாருக்கு முதல்ல மூச்சு வாங்குதுன்னு பார்த்துடலாம்."

தோன்யா கசில்தா ஒரு தமாலைப் பிரித்து என் கையில் திணித்தாள். "சாப்பிடு தம்பி. ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? படையல்னு ஏதோ காதுல விழுந்துச்சே, என்னைப் பத்தின பாட்டா?"

"சும்மா... பொதுவா ஒரு அம்மாவைப் பத்தி."

"ம்," என்றாள். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

பதிவை மறுபடி ஓட்டினேன். எங்கள் குழுவின் லியாந்த்ரோ வாசித்த எலெக்ட்ரிக் கிட்டார் உறுமியது, பலகை அதிர்ந்தது. குரல் வர வேண்டிய இடம் நெருங்கியபோது நெரேய்தா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்தாள். நேராகப் பலகைக்குப் போய் அக்காவின் தோளைத் தொட்டாள். ஃபண்டாங்கோவில் தோளைத் தொட்டால், இறங்கி இடம் கொடு என்று அர்த்தம். ஒத்திலியா இறங்கவில்லை. தங்கையை முறைத்துப் பார்த்தாள். பிறகு அரைப் பலகை அளவுக்கு நகர்ந்தாள். நெரேய்தா ஏறினாள்.

இருவரும் எதிரெதிரே நின்று மிதித்தார்கள். நெரேய்தாவின் முகம் அழுகையில் கோணியிருந்தது. பாட்டுக்கான இடம் வந்ததும் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் அடங்கின. பாட ஆள் இல்லை. வெறும் தடவல் சத்தம் மட்டும் கேட்டது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

ஃபண்டாங்கோவில் காலியாக வருகிற இடத்தை யார் வேண்டுமானாலும் பாடி நிரப்பலாம். தோன்யா கசில்தா கூடையைக் கீழே வைத்து, கண்ணாடியைப் பார்த்துக் கரகரத்த குரலில் எடுத்தாள்.

*இருப்பவனை இறந்தவனென்று*
*இலையில் வைத்தேன் படையல்;*
*திரும்பி வந்தால் அவனுக்கென்று*
*பூட்டி வைத்தேன் வாசல்.*

பொத்தானை அழுத்தாமல் கண்ணாடியைத் தாண்டி எதுவும் கேட்காது. அந்தப் பக்கம் மகள்கள் இருவரும் தலை குனிந்து, அந்தக் குரலுக்கென்றே அடக்கியதுபோல் பலகையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவள் அடுத்த கண்ணிக்கு மூச்சை இழுத்தாள். என் விரல் உள்ளே பேசும் பொத்தானின் மேல் இருந்தது.