பெர்சிஸ் பொடித்த மாத்திரை

ஒன்பது மாதமாக எஸ்றாவின் காதுக்குள் யாரும் பேசவில்லை. பாளையங்கோட்டையில் அவர்கள் வீடு தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் அமைதியாக இருந்தது. எஸ்றா பைய நடந்தான், பையச் சிரித்தான், நாற்காலியிலேயே கண்ணயர்ந்தான். கர்த்தர் கைவைத்துச் சுகமாக்கினார் என்று சபையில் எழுந்து சாட்சி வேறு சொல்லிவிட்டான்.

உண்மை அவன் மனைவி பெர்சிஸுக்குத்தான் தெரியும். மாத்திரை என்றாலே விஷம் என்று தட்டிவிடுகிறவனுக்கு, தினமும் காலையில் அதை விரலால் நசுக்கிக் கருப்பட்டிக் காப்பியில் கரைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது கண்ணை மூடி ஜெபமும் செய்தாள். பொய்யையும் ஜெபத்தையும் ஒரே தம்ளரில் கலக்கிய கெட்டிக்காரி!

ஆடி மாதம் விரலிடுக்கில் அரிப்பு கண்டது. பிறகு கை வீங்கியது. வெயிலில் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் முகமும் தடித்தது. வீங்கிய இமை வழியே மருதமரமும் பஸ்ஸும் கனவில் வருவதுபோல் மிதந்தன. பொய்க்குக் கிடைத்த கூலி என்றே நம்பினாள். உபவாசம் இருந்தாள், மாத்திரையை மட்டும் விடவில்லை. தண்டனை தனக்கு வரட்டும், குரல்கள் அவனுக்கு வரவேண்டாம்.

கடைசியில் தோல் டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுல யாருக்கும் மாத்திரை பொடிச்சுக் குடுக்கீங்களா?"

புருஷனுக்கு என்று சொல்லி பெர்சிஸ் அழுதேவிட்டாள்.

"அந்தப் பொடி உங்களுக்கு ஒத்துக்கலம்மா. வெயில் பட்டா இன்னும் கூடும். நர்சுகளுக்கும் வாரதுதான். இனிமே தொடாதீங்க, அவரே முழுசா முழுங்கட்டும்."

தண்டனை இல்லை என்றதும் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஜெபத்தால் பிழைத்தேன் என்று நம்புகிறவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் கையால் இனிப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். சொல்லாவிட்டால் மாத்திரை நின்றுபோகும். எப்படிப் பார்த்தாலும் குரல்கள் திரும்பிவிடும்.

மறுநாள் காலை வெறும் காப்பியையும் முழு மாத்திரையையும் அவன் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

எஸ்றா காப்பித் தம்ளரைத் தள்ளி வைத்தான். வாய்க்காலில் யாரோ துணி துவைக்கிற சத்தம் வந்து வந்து போனது.

"ஏட்டி, அப்ப சபையில நான் சொன்ன சாட்சி பொய்யா?"

"பொய் சொன்னது நாந்தான். நீங்க இல்ல."

அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். வெடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான்.

"ஒரு கை என்னையத் தொட்டது நெசந்தான்," என்றான். "யாரு கைன்னுதான் தெரியாமப் போச்சு."

அவள் கையை விடாமலே மாத்திரையை எடுத்து வாயில் போட்டு விழுங்கினான்.