கவலையில்லை என்று சொன்ன தொண்டை

மார்ச் 12, வியாழன். திருத்தம்: தொண்டையில் சிக்கிய கம்பியின் நீளம் இரண்டு சென்டிமீட்டர் என்று செவ்வாயன்று எழுதியிருந்தேன். இன்று அளந்து பார்த்தேன். ஒன்றரைதான். தவறு என்னுடையது.

இப்படி எழுதி அடிக்கோடிட்ட பிறகும் கெரன்சாவுக்கு நிம்மதியில்லை. அளவுகோலே தவறாக இருந்தால்? கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடைபோடுவது அவள் வேலை. செவ்வாய்தோறும் மாலையில் சட்ட வகுப்பு. வழக்குப் போடுகிறவர் தினமும் குறிப்பெழுத வேண்டும் என்று வகுப்பில் சொன்னதை இருபத்தோரு பேரில் அவள் ஒருத்திதான் நம்பினாள்.

வழக்கு இதுதான். பிப்ரவரி 20, வெள்ளி. ஊரின் ஒரே பப்பில் வாராவாரம் நடக்கும், மாட்டிறைச்சியைச் சுட்டுப் பரிமாறும் ஸ்டேக் விருந்து. அடுப்புத் தட்டைத் தேய்க்கும் கம்பி பிரஷிலிருந்து உதிர்ந்த இழையொன்று இறைச்சியோடு போய் அவள் தொண்டையில் குத்தி நின்றது. ஆஸ்பத்திரியில் இடுக்கி போட்டு எடுத்து அவளிடமே கொடுத்தார்கள். பிரஷ் மட்டும் இன்னும் பணியில்தான் இருக்கிறது. நாளைக்கும் வெள்ளி. அந்த பிரஷ் குப்பைக்குப் போக வேண்டும், அவள் கேட்பது அவ்வளவுதான். நீதிமன்றப் படிவத்தில் எத்தனை டாலர் என்று கேட்கக் கட்டம் இருந்தது. பிரஷுக்குக் கட்டமில்லை. காரணம் இல்லாமலா இருக்கும், சட்டத்துக்குத் தெரியாததா?

வழக்குப் போடப்போவதாக அவள் அனுப்பிய நோட்டீஸுக்குப் பப்பின் வக்கீல் பதில் அனுப்பியிருந்தார். சம்பவத்தன்று உரிமையாளர் நலம் விசாரித்தபோது, நோட்டீஸ் அனுப்பியவர் கட்டைவிரலை உயர்த்தி "ஒண்ணும் கவலையில்ல" என்றாராம். கவலையே இல்லாதவருக்குப் பாதிப்பு எங்கிருந்து வரும் என்று கேட்டிருந்தார்.

சொன்னது உண்மைதான். கண்ணில் நீர் வழிய, கம்பி குத்திய அதே தொண்டையால் சொன்னாள். அந்த ஊரில் கூரை பறந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். போன வருடம் பாம்பு கடித்தவர் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு டீ போடட்டுமா என்று வேறு கேட்டார்.

மதிய இடைவேளையில் பப்புக்குப் போனாள். உரிமையாளர் டென்சில் கவுன்ட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. கோர்ட்டுக்கு இழுத்தா என்ன, தாகம் எடுக்காதா? என்ன குடிக்கற?"

"தண்ணி போதும். டென்சில், அந்த பிரஷைத் தூக்கிப் போட்டுடுங்க. கேஸே போடல."

"நல்ல பிரஷ் அது. பதினோரு வருஷமா ஓடுது."

"அதான் முடி கொட்டுது."

"எனக்கும்தான் கொட்டுது. என்னையும் தூக்கிப் போடுவியா?"

"உங்க முடி யார் தொண்டையிலயும் குத்தலையே."

"குத்தினா குத்துதுன்னு சொல்லணும். நீ கட்டைவிரலைக் காட்டற. வாராவாரம் சாப்பிட வர்ற மேவிஸைப் பாரு. உனக்கு ஒரு வாரம் முன்னாடி அவ மீன்ல இதே கம்பி. எடுத்துத் தட்டோரமா வெச்சா, கவலையில்லன்னா, முழுசையும் சாப்பிட்டுட்டுப் போனா."

கெரன்சா தண்ணீரைக் கீழே வைத்தாள். நோட்டை எடுத்து எழுதினாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள். "பிப்ரவரி 13. மேவிஸின் மீனில் கம்பி. உரிமையாளருக்குத் தெரியும்."

டென்சில் முகம் சுளித்தார். "தப்பு."

"எது?"

"மீன்னா சொன்னேன்? வாய் தவறிடுச்சு. ஆட்டுக்கறி. மீனை நாங்க எண்ணெயில பொரிக்கறோம், அடுப்புத் தட்டுப் பக்கமே போகாது. குடு இங்க." பேனாவைப் பிடுங்கி 'மீனில்' என்பதை அடித்தார். மேலே 'ஆட்டுக்கறியில்' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"டென்சில், இதை நான் கோர்ட்ல குடுப்பேன். தெரியும்ல?"

"தாராளமா குடு. உண்மைதானே. மீன்னு போயிருந்தாத்தான் சமையல்காரன் மானம் போயிருக்கும்."

"அப்ப பிரஷ்?"

"நாளைக்கு எழுபது பேர் வர்றாங்க கண்ணு. நகத்தால தேய்க்கச் சொல்றியா?"

திரும்பி வரும்போது செய்தது நியாயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஏமாற்றவில்லை. கோர்ட்டில் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்தாள். இருந்தாலும் நல்ல மனிதர். நாளை வரப்போகும் எழுபது பேரும் நல்ல மனிதர்கள்தான். குத்தினால் ஒருவர்கூட வாயைத் திறக்க மாட்டார்கள்.

அன்றைய குறிப்பின் கடைசியில் எழுதினாள்:

வெள்ளி, காலை எட்டரை. கவுன்சில் சுகாதார அதிகாரிக்கு போன். அடுப்பு மூட்டுவதற்குள் அவர் பிரஷை வந்து பார்க்க வேண்டும். பத்து மணிக்கு மனுவையும் டென்சில் கையெழுத்திட்ட தாளையும் நீதிமன்ற அலுவலகத்தில் கொடுப்பது.