மலைமேல் கரி

விடியும் முன்பே கை விறைத்துவிட்டது. செங்கல் சூளையின் ஆறிப்போன பக்கத்தில், தவழ்ந்து போகிற அளவே உயரமுள்ள புகைவழிக்குள் குந்தி உட்கார்ந்து, தகரத் துண்டால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் நெட்டச்சி. பட்டப்பெயருக்கேற்ற உயரம், அந்த உயரமே அங்கே அவளுக்கு எதிரி. நிமிர்ந்தால் தலை இடிக்கும், குனிந்தால் இடுப்பு விட்டுப்போகும். சுரண்டச் சுரண்டப் புகைக்கரி பொலபொலவென்று உதிர்ந்து மடியிலும் இமையிலும் மூக்குக்குள்ளும் இறங்கியது. அதைக் கூடையில் வாரி வெளியே தள்ள, வாயாடி வாங்கி வரிசையாக வைத்தாள். வாயைத் திறந்தால் கரி உள்ளே போகும் என்பதால் அந்த வேலையில் மட்டும் வாயாடியும் ஊமை.

கரி எதற்கென்று கேட்கிறீர்களா? பனிமேல் கொட்டத்தான். மலையடிவாரத்துச் சூளை அது. குளிர்காலம் முழுக்கக் களிமண் குழியின்மேல் பனி முழங்கால் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கும். வெள்ளையாக விட்டுவைத்தால் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைபோல அது லேசில் கிளம்பாது. அடிக்கிற வெயிலையெல்லாம் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். அதன்மேல் ஒரு கூடைக் கரியை விசிறிப் பாருங்கள். கறுப்பு வெயிலைக் குடிக்கும், குடித்த சூட்டைக் கீழே இறக்கும், அடுத்த வாரம் குழியில் பனி இருக்காது, சேறு இருக்கும். பள்ளிக்கூடம் போகாமலே அந்தப் பள்ளத்தாக்குச் சூளைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வித்தை இது. பருவத்தின் முதல் வேலையே அதுதான்.

வித்தை குழியோடு நின்றிருந்தால் ஒரு குறையுமில்லை. போன பருவத்தில் முதலாளிக்கு ஆசை முளைத்தது. சூளைக்குத் தண்ணீர் தருகிற ஓடைக்கு மேலே ஒரு பனிச்சரிவு உண்டு. அதிலும் கரியை வீசினால் ஓடை சீக்கிரம் ஓடும், மற்ற சூளைக்காரன் கண் விழிக்கும் முன்பே நாம் செங்கல் அறுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். நெட்டச்சியும் மற்ற சூளைப் பெண்களும் சந்தோஷமாகத்தான் போய் வீசினார்கள், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஓடை நுங்கும் நுரையுமாக வந்தபோது தங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டார்கள். முதலாளியும் பல் தெரியச் சிரித்தார். பிறகு, வெயில் உச்சிக்கு வந்த மாதத்தில், தண்ணீர் நிஜமாகவே வேண்டிய மாதத்தில், ஓடை கயிறாக இளைத்து, நூலாகி, வெறும் கூழாங்கல்லாகிவிட்டது. தண்ணீர் இல்லையென்றால் மண் குழைக்க முடியாது. வேலை இல்லாதவனுக்குக் குடிசை கிடையாது. சூளையின் சட்டம் அது. பாதிப் பருவத்தில் எல்லோரையும் மூட்டை முடிச்சோடு ரோட்டில் விட்டார்கள்.

மற்றவர்களுக்கு அதனால் போனது கூலி. நெட்டச்சிக்குப் போனது அதைவிடப் பெரியது. அவள் புருஷன் சூளைக்குத் தீ போடுகிறவன். புகையைத் தின்று தின்று நைந்துபோன நெஞ்சில் காசநோய் குடியேறிவிட்டிருந்தது. பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் ஓசியில் மாத்திரை தந்தார்கள், ஒரு நாள்கூட விடாமல் ஆறு மாசம் சாப்பிட வேண்டும் என்று சொல்லி. ரோட்டுக்கு வந்தபின் எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி? மாத்திரை பாதியில் நின்றது, இருமல் முழுசாகத் திரும்பியது. இந்தப் பருவம் மறுபடி ஆரம்பித்திருக்கிறான். ‘இந்தத் தடவையும் நடுவுல விட்டா அப்புறம் இந்த மாத்திரை கேக்காதும்மா’ என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆக, ஓடை நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் குடிசை போகும், குடிசை போனால் மருந்து போகும், மருந்து போனால் அவன் போவான்.

அன்று காலை மேஸ்திரி வந்து கூடைகளைப் பார்த்துவிட்டு, குழிக்கு இதில் பாதி போதும், மீதியைச் சுமந்துகொண்டு மேலே வாருங்கள் என்றான். சரிவுக்கா என்று வாயாடி கேட்டாள். சரிவில் இந்த வருஷம் பனியே சரியாக விழவில்லை, அதனால் அதற்கும் மேலே, பெரிய பனிக்கட்டிக்கு என்றான். பெரிய பனிக்கட்டி என்பது இரண்டு முகடுகளுக்கு நடுவே படுத்திருக்கும் பழைய பனி. கோடையிலும் முழுசாகக் கரையாது, கோடையில் ஓடையில் வருகிற தண்ணீர் அதன் தண்ணீர். விதைநெல்லை எடுத்துப் பொங்கித் தின்னச் சொல்கிறானே என்று நெட்டச்சிக்கு நாக்கு நுனிவரை வந்தது. குடிசையும் மாத்திரையும் கண்முன் வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டன. சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக் கூடையைத் தூக்கினாள்.

ஏற்றம் சாதாரண ஏற்றமில்லை. காலுக்கடியில் சரளை வழுக்கியது, காற்று ஒவ்வொரு கூடையிலிருந்தும் கரியைக் கிள்ளி முகத்தில் அப்பியது. வியர்வையும் கரியும் சேர்ந்து கழுத்தில் பிசுபிசுத்தது. பெண்கள் மூச்சுவாங்க ஏறி, கடைசிப் பாறையைச் சுற்றி, பனிக்கட்டியின் முன்னே வந்து நின்றார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள்.

வெள்ளையைக் காணோம். கண்ணைக் கூசவைக்கும் என்று நினைத்து வந்த பனிக்கட்டி, கழுவாத அடுப்பாட்டம் கிடந்தது. மேலெல்லாம் கறுப்புப் புழுதி. இடையிடையே விரல் ஆழத்துக்குச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு சிட்டிகைக் கரி, கரிமேல் தண்ணீர். முன்பு பனி எட்டிய இடத்தில் இப்போது வெறும் பாறை. தொட்டால் அந்தக் காலை வெயிலுக்கே சுட்டது. நெட்டச்சி மண்டியிட்டு உள்ளங்கையால் தேய்த்தாள். கரி கையோடு வந்தது, அடியில் பனி வெள்ளையாகத்தான் இருந்தது.

“யாருடி இங்க வந்து போட்டது?” என்றாள் வாயாடி. “நம்மளத் தவிர எவளுக்கு இந்தத் தலையெழுத்து?”

நெட்டச்சி திரும்பிக் கீழே பார்த்தாள். பள்ளத்தாக்கு நெடுகச் சூளைப் புகைபோக்கிகள். ஒவ்வொன்றிலிருந்தும் கன்னங்கரேல் என்று புகை கிளம்பி, காலைக் காற்று ஏறுகிற வழியே சாவகாசமாக ஏறி, நேரே இவர்கள் நிற்கிற இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கூடையில் ஒரு தடவை வீசியதற்கே சரிவு போயிற்று. புகைபோக்கி தினம் தினம் வீசுகிறதே! போன வருஷம் ஓடை வற்றியதற்குத் தங்கள் கையை மட்டும் சபித்துக்கொண்டு படுத்திருந்தாளே, அந்தப் பாவத்தில் பெரும்பங்கு புகையாக மேலே போய்க்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

மேஸ்திரி அதட்டினான். இவ்வளவு கரி ஏற்கெனவே கிடக்கிறது, இன்னும் நாலு கூடை போட்டால் என்ன குறைந்துவிடும் என்றான். வாயாடி தன் கூடையை இறக்கினாள். அடுத்தவள் இறக்கினாள். பயந்த சுபாவம் என்று பெயரெடுத்தவளும் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறக்கினாள். மேஸ்திரி கெட்ட வார்த்தையில் நாலு திட்டிவிட்டு, செல்போனைக் காதில் வைத்தபடி முன்னால் இறங்கினான். கரியை அங்கே கொட்டிவிட்டு வர ஒருத்திக்கும் மனசில்லை. ஏற்றிய சுமையை மறுபடி தலையில் ஏற்றி, அத்தனையையும் கீழே கொண்டுவந்தார்கள்.

முதலாளியின் கார் அவர்களுக்கு முன்பே வந்து நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இறங்காமலே பேசினார்.

“தண்ணி வேணுமா வேணாமா உங்களுக்கு?”

“கோடைக்கு வேணும் மொதலாளி,” என்றாள் நெட்டச்சி. “இப்பவே கரைச்சு விட்டுட்டா அப்போ எதைக் குடிக்கறது? மேல பனியே கறுத்துக் கெடக்கு. நம்ம புகைதான்.”

“எனக்குத் தெரியாதா அது? உலகமே சூடாகுது. என் ஒரு புகைபோக்கியாலயா?”

“உலகத்துச் சூடு எப்படியோ போகட்டும். அந்தப் பனிமேல கெடக்கற கரி நம்ம சூளைக் கரி. கையால தொட்டுப் பாத்துட்டு வரோம்.”

“சரி, நான் நிறுத்தறேன். கீழ இருக்கற சூளைக்காரன் நிறுத்துவானா? அவன் புகை மலைக்குப் போகாதா? என்னை மட்டும் நஷ்டப்படச் சொல்றியா?”

முதலாளி இதில் பொய் சொல்லவில்லை என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அப்போது குடிசை வாசலில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் எழுந்து வந்தான். நாலு அடி நடந்து, நின்று இருமி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினான்.

“முன்ன இந்தச் சூளை இப்படிக் கரியாப் புகையல மொதலாளி. மேல தீ போட ரெண்டு பேர் இருந்தோம். ஒருத்தன் தீ ஓட்டை மூடியத் தொறப்பான், ஒருத்தன் ஒரு கரண்டி நிலக்கரி போடுவான், ஒடனே மூடுவான். கொஞ்சம் கொஞ்சமாப் போட்டா எரியும், அள்ளிக் கொட்டினா புகையும். நீங்க ஒரு ஆளக் கொறச்சீங்க. ஒத்த ஆளு எத்தன மூடிக்கு ஓடுவான்? கூடையோட கவுத்துட்டுப் போறான். அதுக்கும் மேல பழைய டயரு வேற எரிக்கறோம். என் நெஞ்சுல இருக்கறதும் அங்க மலைமேல இருக்கறதும் ஒரே கரிதான்.”

முதலாளி அவனைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்தார். வேலை செய்ய முடியாத நோயாளிக்கு இத்தனை நாள் குடிசை கொடுத்ததே தர்மம், இன்றே காலி பண்ணச் சொல் என்றார். மேஸ்திரி உள்ளே போய்ச் சட்டி பானையை வெளியே வைத்து, கதவில் பூட்டை மாட்டினான். மாத்திரை அட்டையை மட்டும் நெட்டச்சி ஓடிப் போய் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். வாயைத் திறந்ததற்குக் கூலி இதுதானா என்று தன்மேலேயே கோபம் வந்தது. இனி யார் காலில் விழுவது என்று அவள் மனசு அலைந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் தடாலென்று ஒரு சத்தம்.

வாயாடி தன் குடிசையிலிருந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டிருந்தாள். “எங்க வீட்டையும் பூட்டிக்கோ மேஸ்திரி,” என்றாள். “ஒரு பூட்டு போட்டா எப்படி? இன்னும் நாலு வாங்கிட்டு வா.” பாய் வந்தது, அடுப்பு வந்தது, யார் வீட்டுக் கயிற்றுக் கட்டிலோ வந்தது. பயந்த சுபாவக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணிமூட்டையோடு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தாள். சூளையின் மேலிருந்து, தனியாளாகத் தீ போட்டுக்கொண்டிருந்த மொட்டையன் எட்டிப் பார்த்து, நானும் இறங்கட்டுமா என்று கேட்டான்.

முதலாளி அப்போதுதான் காரைவிட்டு இறங்கினார். உள்ளே எரிந்துகொண்டிருந்தது போன வருஷம் இவர்கள் அறுத்துக் காயவைத்த கல். பாதியில் தீ நின்றால் அத்தனையும் பாழ். சூளையை நம்பிப் பிழைக்கிற எவனுக்கும் அது தெரியும். இறங்காதே என்று மொட்டையனைப் பார்த்துக் கத்தினார். இவர்களும் இறங்காதே என்றுதான் சொன்னார்கள். அந்தக் கல்லில் இருந்தது தங்கள் இடுப்பு வலி, அதைப் பாழாக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

“தீ நிக்காது மொதலாளி,” என்றாள் நெட்டச்சி. “ஆனா இனிமே ரெண்டு ஆளு. டயர் கெடயாது. மலைக்குக் கூடை ஏறாது. அவரு மருந்து முடியற வரைக்கும் எங்க குடிச எங்களுக்கு.”

“ரெண்டாவது ஆளுக்கு எவன் கூலி குடுப்பான்?”

“நீங்கதான்.”

முதலாளி சிரித்தார். காலையில் வேறு ஆட்களைக் கொண்டுவருகிறேன், அப்போது உங்கள் தைரியத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பூட்டுச் சாவியையும் கையோடு கொண்டுபோனார்.

வேறு ஆட்கள் வருவார்கள். இவர்களைப்போலவே பசித்த ஆட்கள்தான் வருவார்கள். கீழே இருக்கிற சூளைகள் எப்போதும்போலப் புகைந்துகொண்டிருந்தன. கீழே இருக்கிறவன் நிறுத்துவானா என்ற முதலாளியின் கேள்வி நெட்டச்சியை விடவில்லை. சும்மா உட்கார முடியவில்லை அவளுக்கு. புருஷனின் மரக்கட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பெண் தீ போட்டு அந்தச் சூளை பார்த்ததில்லை. மொட்டையன் கொக்கியை அவள் கையில் கொடுத்தான்.

சூளையின் முதுகு கட்டைச் செருப்பையும் மீறிச் சுட்டது. மூடியைக் கொக்கியால் தூக்கினாள். செந்தழல் முகத்தில் அறைந்தது. மொட்டையன் ஒரு கரண்டி நிலக்கரியைத் தூவினான், அவள் மூடினாள், அடுத்ததற்கு நகர்ந்தார்கள். கீழே கட்டிலில் உட்கார்ந்து புருஷன் புகைபோக்கியைப் பார்த்தபடி இருமலுக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தான்: கொஞ்சமா போடு, கொஞ்சமா போடு, மூடு. நெட்டச்சிக்குக் கை ஓய்ந்தபோது வாயாடி ஏறினாள். வாயாடி இறங்கியபோது இன்னொருத்தி. பொழுது சாயும் நேரத்துக்குப் புகைபோக்கியின் கறுப்பு வெளுத்து, சாம்பலாகி, இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்கிற அளவுக்கு மெலிந்துவிட்டது. அதற்காக மலை ஒன்றும் வெளுத்துவிடவில்லை. அங்கே கரி அப்படியேதான் கிடந்தது, கதவில் பூட்டும் அப்படியேதான் தொங்கியது.

அந்தி வெளிச்சத்தில் ரோட்டில் ஆட்கள் ஏறி வருவது தெரிந்தது. முதலாளி சொன்ன ஆட்கள் இப்போதே வந்துவிட்டார்களா என்று மொட்டையன் கரண்டியை இறுகப் பிடித்தான். அருகே வந்தபின் பார்த்தால் கீழ்ச் சூளையில் வேலை செய்கிறவர்கள்; ஆணும் பெண்ணுமாக, சேறும் கரியும் அப்பிய உடம்போடு, ஓடி வந்த மூச்சு அடங்காமல் நின்றார்கள். பள்ளத்தாக்கில் ஒரு சூளையில் புகை நின்றால் ஆபத்து என்று அர்த்தம். சரிந்திருக்கும், ஆள் உள்ளே சிக்கியிருக்கும். வாளி, கடப்பாரையெல்லாம் கையில் இருந்தது. முன்னால் வந்த பெண் முற்றத்தில் கிடந்த சட்டி பானையையும், சூளைமேல் நின்ற நெட்டச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னாச்சுக்கா? உங்க பக்கம் புகையவே காணோமேன்னு பதறிட்டோம். அணைஞ்சு போச்சா?”

நெட்டச்சி ஏணியில் இறங்கிவந்தாள். நெற்றிக் கரியைப் புறங்கையால் துடைத்து, கட்டிலில் புருஷனுக்குப் பக்கத்தில் வந்தவளுக்கு இடம் ஒதுக்கினாள்.

“அணையல. உள்ள நல்லா எரியுது,” என்றாள். “உங்க சூளையிலயும் ஒரு ஆளக் கொறச்சிட்டாங்கதான?”

அந்தப் பெண் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் நின்ற தன் ஆட்களையும் உட்காரச் சொன்னாள்.