மூடியில் ‘பொ’ என்று எழுதிய குழாய்

அந்த ஆய்வகத்தில் கிருமிகளுக்குப் பட்டப்பெயர் வைத்தது பெரியவள்தான். வாயில் நுழையாத எண்களைச் சொல்லிச் சொல்லி நாக்கு சுளுக்கிக்கொண்டால் பாவம், அவளும் என்னதான் செய்வாள்? ஒரே கிருமியில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு ஊசி உண்டு. நம் உடம்புச் செல்லில் போய் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அந்த ஊசியால் குத்தி, தன் புரதத்தை உள்ளே செலுத்திவிடும். கிருமிக்குள் இருக்கும்வரை அந்தப் புரதம் பரம சாது. செல்லுக்குள் நுழைந்து, செல்லின் சொந்தப் புரதம் ஒன்றோடு சேர்ந்த பிறகுதான் அதற்கு வெறி பிடிக்கும். செல்லின் சவ்வை உள்ளிருந்தே அரித்துவிடும். “வீட்டுக்காரன் கையாலேயே வீட்டை இடிக்க வைக்கிற வேலை” என்பாள் பெரியவள். இதற்கு ஊசிக்காரன் என்று பெயர். இன்னொரு வகையில் ஊசிக்கான மரபணுவையே வெட்டி எறிந்திருந்தார்கள். அது பொக்கை.

ஊசிக்காரன் என்றால் கண்ணாடி, முகமூடி, இரட்டைக் கையுறை என்று அமர்க்களப்படும் ஆட்கள், பொக்கை என்றால் சட்டை செய்ய மாட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சின்னவளும் இதை இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டாள். அவள் பெரியவளின் கூடப்பிறந்த தங்கை. அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தாள். அக்காவின் கணவருக்கும் அதே ஆய்வகத்தில்தான் வேலை, குளிர்பெட்டிகள் அவர் பொறுப்பு. மூன்று பேரும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புவார்கள்.

அன்று மதியம் சின்னவள் குளிர்பெட்டியிலிருந்து ‘பொ’ என்று எழுதிய குழாய் ஒன்றை எடுத்தாள். மூடி இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகியதும் பட்டென்று திறந்து, ஒரு சொட்டு வலது கண்ணில் தெறித்தது. போட்டிருக்க வேண்டிய பாதுகாப்புக் கண்ணாடி மேசைமேல் கிடந்தது.

“அக்கா! கண்ணுல பட்டுடுச்சு!”

“ஐயையோ, எதுடி?”

“பொக்கைதான். மூடியில பொ-ன்னு போட்டிருக்கே.”

“அடச்சே, ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போயிடுச்சு. அதுக்குப் பல்லா இருக்கு, கடிக்கிறதுக்கு? தண்ணியில நல்லா கழுவு, போ.”

“டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமாக்கா? லென்ஸ் வேற போட்டிருக்கேன்.”

“பொக்கைக்குப் போய் டாக்டரா? கண்ணாடி போடாம வேலை செஞ்சியான்னு உனக்கும் எனக்கும் சேர்த்து அர்ச்சனை நடக்கும். ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல.”

எது தெறித்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பெரியவளுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் சொன்னாள், மகராசி!

மறுநாள் காலை சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அறையைவிட்டு வந்தாள். இமை வீங்கி மூடியிருந்தது, ஓரத்தில் சீழ். பெரியவள் இமையை விலக்கிப் பார்த்தாள். கருவிழியின் நடுவே வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

“பொக்கை இப்படிப் பண்ணாதே” என்றார் கணவர். “எந்தக் குழாய்ம்மா எடுத்தே?”

“நீல மூடி, மாமா. பொ-ன்னு போட்டிருந்துச்சு.”

அவர் முகம் வெளுத்துவிட்டது.

“நீல மூடியில நானும் பொ-ன்னு எழுதி வச்சிருக்கேன். அது பொக்கை இல்ல. பொல்லாதவன்.”

ஊசிக்காரனை அவர் பொல்லாதவன் என்றுதான் சொல்வார். சாப்பிடும்போது அப்படிச் சொல்லிப் பெரியவளைச் சிரிக்க வைத்ததும் உண்டு. அந்தக் கேலியை அவர் மூடிவரை கொண்டுபோவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. இப்போது ஒரே பெட்டியில், ஒரே மாதிரி நீல மூடிகளில், அவள் எழுதிய ‘பொ’ ஒன்று, அவர் எழுதிய ‘பொ’ ஒன்று. சின்னவள் எடுத்தது எது?

கண் மருத்துவமனையில் உடனே மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். “ஊசி இல்லாத வகைன்னா கண்ணைக் காப்பாத்திடலாம்” என்றார் மருத்துவர். “ஊசி உள்ளதுன்னா, நேத்தே வந்திருக்கணும்.” கணவரைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் பெரியவள் ஆய்வகத்துக்கு ஓடினாள்.

சின்னவள் திறந்த குழாய் மேசையிலேயே இருந்தது. தட்டில் வளர்த்திருந்த கண் செல்களின்மேல் அதிலிருந்து கொஞ்சம் விட்டுவிட்டு, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தாள். செல்கள் தட்டையாக, ஒன்றோடொன்று நெருங்கி, நிம்மதியாக இருந்தன. ‘பொக்கையா இரு, பொக்கையா இருந்து தொலை’ என்று முணுமுணுத்தாள். சாமியை வேண்டத் தோன்றவில்லை, கிருமியைத்தான் வேண்டினாள். நேரம் போகப்போக ஓரத்தில் ஒரு செல் சுருங்கி உருண்டது. அப்புறம் பக்கத்துச் செல். பிறகு வரிசை வரிசையாக உருண்டு, பிடி விட்டு, மிதக்கத் தொடங்கின. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறுத்த ஒரு வழியும் இல்லை.

மருத்துவமனைக்குத் திரும்பியபோது சின்னவளின் கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். காலடிச் சத்தத்துக்கே தலையைத் திருப்பினாள்.

“பொக்கைதானே அக்கா?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது.

“இல்லடி. அவரோட குழாய்.”

பெரியவள் கட்டிலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். “பாவி நான், உன் கண்ணைக் கெடுத்துட்டேனேடி. என்னைத் திட்டுடி, நாலு அறை வேணாலும் அறைஞ்சுடு.”

சின்னவள் கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ராத்திரியே வலி உயிர் போச்சுக்கா. உன் ரூம் கதவு வரைக்கும் வந்தேன். ஒண்ணும் ஆகாதுன்னு நீதான் சொல்லிட்டியே, அப்புறம் எதுக்கு எழுப்பணும்னு திரும்பிப் போய்ப் படுத்துட்டேன்.”