தூக்கிக் கட்டாத பின்னல்

"முடியத் தூக்கிக் கொண்டை போட்டுக்கம்மா." எக்ஸ்ரே அறைக்குள் வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் நாகலெட்சுமி முதலில் சொல்வது இதைத்தான். இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பத்து வருடமாகச் சொல்கிறாள். அன்றைக்குக் கலைச்செல்வியிடம் மட்டும் சொல்லவில்லை.

காரணம், இருமல் என்று அந்தப் பெண்ணைக் கூட்டி வந்த அப்பா. உத்தரகோசமங்கையில் மருந்துக்கடை வைத்திருக்கும் குருநாதன். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை; இவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் மகனுக்குத்தான் இவளை நிச்சயம் செய்திருந்தார்கள். அப்போது இருமல் என்று இவளுக்கு எடுத்த நெஞ்சுப் படத்தை அவர் கடைவாசலில் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "காசம்ல இது" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். மறுநாள் டாக்டர் பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்லி இன்னொரு படம் எடுத்தார். நுரையீரல் சுத்தம். அதை எடுத்துக்கொண்டு ஓடிய, இவளைப் பெற்ற அய்யாவிடம், "அதான் ஒரு தடவ பாத்தாச்சுல்ல" என்றவர், படத்தைக் கையால்கூடத் தொடவில்லை. கல்யாணம் நின்றது. அப்புறம் வந்த மாப்பிள்ளை வீட்டாரெல்லாம் அந்தக் கடைவாசலில் விசாரித்ததோடு திரும்பினார்கள். அய்யா சாகும்வரை அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த வெறியில்தான் இவள் எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தாள்.

இப்போது வாசலில் குருநாதனோடு மாப்பிள்ளையின் தாய்மாமனும் உட்கார்ந்திருந்தார். ஆவணியில் கலைச்செல்விக்குக் கல்யாணம். வசமாக மாட்டினான் என்று நினைத்துக்கொண்டே நாகலெட்சுமி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பட்டனை அழுத்தினாள்.

நினைத்த மாதிரியே வலது நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு திட்டு. படத்தை டாக்டரிடம் கொடுத்திருக்க வேண்டும். குருநாதனிடம் நீட்டினாள்.

கை சும்மா இருக்குமா அவருக்கு? ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். "காசம்ல இது" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்தார். தாய்மாமன் செல்லை எடுத்துக்கொண்டு எழுந்து தள்ளிப் போனார்.

"தாயி, இது வெளிய தெரிஞ்சிரக் கூடாது" என்றார் குருநாதன்.

"நான் எங்க சொன்னேன்? நீங்கதான சொன்னீக."

அவளுக்கு மனசு குளிர்ந்தது. அதற்காக வெட்கப்படவும் இல்லை. ஆனால் அறைக்குள் திரும்பினால், கலைச்செல்வி பின்னல் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள்.

"எனக்குக் காசமாக்கா?"

இருபத்திரண்டு வயது. அன்றைக்கு இவளுக்கும் அதே வயதுதான். நாகலெட்சுமிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. தப்பு என்னோடது. கொண்டை போடு, இன்னொருக்கா எடுப்போம்."

இரண்டாவது படம் சுத்தமாக வந்தது. டாக்டர் பார்த்து, சாதாரணச் சளிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாகலெட்சுமி இரண்டு படங்களோடு, தன் அலமாரியில் கிடந்த பழைய படம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தாய்மாமனையும் கூப்பிட்டாள்.

"ரெண்டும் இந்தப் பிள்ள படந்தான். முதப் படத்துல பாருங்க, நிழலு நுரையீரலத் தாண்டிக் கழுத்து வரைக்கும் ஏறுது. நுரையீரல் நோவு கழுத்துலயா தெரியும்? அது பின்னலு."

தாய்மாமன் செல்லைச் சட்டைப்பைக்குள் போட்டார். குருநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையில் அவள் மூன்றாவது படத்தை வைத்தாள். ஓரத்தில் நாகலெட்சுமி என்ற பெயரும் ஊரும் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியும் இருந்தன. படித்ததும் அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதையும் பாத்துச் சொல்லுங்க. அன்னைக்குச் சொன்ன அதே சத்தத்துல."

பெஞ்சு முழுக்க ஆட்கள். குருநாதன் படத்தை மெல்லத் தூக்கினார்.

"பின்னலு" என்றார், உதடு அசைவது தெரியாமல்.

"கேக்கல" என்றாள் நாகலெட்சுமி.