மதிலுக்கு அந்தப் பக்கம் பூத்தவை

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். யார் சொல்லியும் கேட்டுப் பழக்கமில்லை. அதனால்தான் மனைவி படித்துப் படித்துச் சொல்லியும், ஆஸ்டர் பூ நாற்றுகளைப் போன வருஷத்துப் பாத்தியிலேயே நட்டார்.

"அதே எடத்துல போடாதீங்க. மண்ணுல நோய் தங்கியிருக்கும், மொத்தமும் வாடிடும்" என்றாள் அவள். புதுப் பாத்தி வெட்டினால் இடுப்பு ஒடியும். "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு ஐயா பழைய இடத்திலேயே வேலையை முடித்துவிட்டார். அவளுக்குத்தான் கண் மங்கிக் கிடக்கிறதே, பார்க்கவா போகிறாள் என்ற தைரியம். மிஞ்சிய நாற்றுகளை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார்.

அந்தப் பக்கம் தையல்காரம்மா வீடு. மூன்று வருஷத்துக்கு முன் இவர் தோட்டத்துக் குழாயை மூட மறந்து, தண்ணீர் அவள் வீட்டுக்குள் புகுந்து, தைக்க வைத்திருந்த துணியெல்லாம் நாசமாயிற்று. மன்னிப்புக் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

விதை போட்டவள் மனைவிதான், மண்ணை விரலால் தடவித் தடவி. பூவின் நிறம் பார்த்து அவளுக்கு இரண்டு வருஷமாகிறது. கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வர்றப்போ மேஜை மேல ஆஸ்டர் இருக்கணும்."

மொட்டு விடும் நேரத்தில் செடிகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. தண்ணீர் ஊற்றினார், உரம் போட்டார், கெஞ்சாத குறை. கட்டுப் பிரிக்கும் நாள் காலையில் கடைசிச் செடியும் படுத்துவிட்டது. பாத்தி ஓரமாக உட்கார்ந்து அந்த மனிதர் அழுதார்.

கேட் சத்தம் கேட்டது. வாளி நிறையப் பூவோடு தையல்காரம்மா நின்றாள். ஊதா, வெள்ளை, ரோஸ். கீழ் இலையெல்லாம் உருவி, அளவெடுத்து வெட்டிய மாதிரி எல்லாம் ஒரே நீளம்.

"அக்காவுக்கு இன்னிக்குக் கட்டுப் பிரிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஏதும்மா இது?"

"நீங்க தூக்கிப் போட்ட நாத்துதாண்ணே. பாவமா இருந்துச்சு, நட்டு வச்சேன்."

நன்றி என்று ஒரு வார்த்தை தேடி எடுப்பதற்குள் அவள் போய்விட்டாள். பூவை மேஜை மேல் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சொன்னாள்: "டாக்டர் மூஞ்சியப் பாத்தாச்சு, உங்க மூஞ்சியையும் பாத்தாச்சு. இனி நல்லதா ஏதாவது காட்டுங்க." சொல்லிக்கொண்டே மேஜைப் பக்கம் திரும்பினாள். அப்படியே சிரித்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பூவாக, தொடாமலே பார்த்தாள்.

"இவ்வளவு ஊதாவா! நல்லா வளத்திருக்கீங்களே."

ஆமாம் என்றால் தீர்ந்தது. வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் அவள் அந்தப் புதுக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பாத்தி உட்பட எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

அவள் திட்டவில்லை. ஒரு தண்டை உருவி அடியைப் பார்த்தாள். "அடியோட வெட்டியிருக்கா. ஆஸ்டர் மறுபடி துளிர்க்காதுங்க. தனக்குன்னு ஏதாவது விட்டு வச்சாளான்னு பாருங்க."

போய் மதில்மேல் எட்டிப் பார்த்தார். பாத்தி முழுக்க வெட்டிய கட்டைகள்தான். பெயருக்குக்கூட ஒரு பூ இல்லை. இவ்வளவையும் வாங்கிக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தெரு சுற்றிப் போய் தையல்காரம்மா கதவைத் தட்டினார். உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

"அன்னிக்குத் தண்ணி விட்டது என் தப்புதாம்மா. மூணு வருஷமாச் சொல்லாமலே இருந்துட்டேன். இன்னிக்கு அவ சிரிச்சது உன்னாலதான்."

"விடுங்கண்ணே. அதுக்கு எதுக்கு மண்வெட்டி?"

"உனக்குப் புதுப் பாத்தி வெட்டத்தான். அதே எடத்துல போடக்கூடாதாம், உங்க அக்கா சொன்னா."

"இந்த வயசுலயா? இடுப்பு ஒடிஞ்சிரும்ணே."

"ஒடியட்டும்மா" என்றார்.